கொசுறா? கட்டாயமா?

எதிரே உட்கார்ந்திருந்தாலும் மனசளவில் என் பக்கம் இருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

'கணினியோடு கட்டித் தருகிற மென்பொருள் நமக்கு வசதியா, விலங்கா?' இதுதான் இன்றைக்குத் தலைப்பு. விலங்கே என்று பேச வந்திருக்கிறேன். தமிழ் வாத்தியாருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னய்யா சம்பந்தம் என்று சிலர் யோசிக்கலாம். சம்பந்தம் இருக்குங்க. இந்த விவகாரமே ஒரு சொல்லைப் பற்றிய விவகாரம். சேர்த்துக் கொடுப்பது வேறு, கட்டிக் கொடுப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு கிழிக்க அமெரிக்க நீதிமன்றங்கள் வருஷக்கணக்கில் திணறின. நம்ம ஊர்க் காய்கறிக்காரம்மாவுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. (கைதட்டல்)

எப்படின்னு கேக்குறீங்களா? காய் வாங்கி முடிச்சதும், 'கொசுறு போடும்மா'ன்னு நாம கேப்போம். அந்தம்மா ஒரு கொத்து கறிவேப்பிலை, ரெண்டு தண்டு கொத்தமல்லி எடுத்துப் பையில போடும். 'வீட்ல மரமே இருக்கும்மா, வேண்டாம்'னு சொன்னா எடுத்துக் கீழ வச்சுரும். அது கொசுறு. அதே அம்மா, 'என் கறிவேப்பிலை இல்லாம கத்தரிக்காய் தரமாட்டேன். இந்தக் கறிவேப்பிலையைப் பையில இருந்து எடுத்தா கத்தரிக்காய் கெட்டுப்போயிரும். எதிர்க்கடைக் கறிவேப்பிலையை நீ வாங்கினா நாளையில இருந்து உனக்குக் காயே கிடையாது'ன்னு சொன்னா அதுக்குப் பேர் என்ன? (சிரிப்பு, கைதட்டல்) அதைத்தான் நான் விலங்கு என்கிறேன். அந்த மூணு வாக்கியத்தையும் தன் தன் மொழியில் சொன்ன ஒரு கம்பெனியின் வரலாற்றைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் வைக்கப் போகிறேன்.

முதலில் இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன? பயந்துராதீங்க. இதோ இந்த மேடை இருக்கு. மைக் இருக்கு, விளக்கு இருக்கு. இது இருந்தால்தான் நான் பேச முடியும், எதிரணித் தம்பி பேச முடியும். பேச்சு எங்களுடையது, மேடை வேறொருவருடையது. கணினியில் அந்த மேடைதான் இயங்குதளம். கடிதம் எழுதுகிற மென்பொருள், கணக்குப் போடுகிற மென்பொருள், இணையத்தைக் காட்டுகிற பிரவுசர், இவர்கள் எல்லாம் பேச்சாளர்கள். சரி, மேடைக்குச் சொந்தக்காரரே நாளைக்கு எதிரணியில் உட்கார்ந்து பேச ஆரம்பிச்சா? என் மைக்கை நிறுத்துற சுவிட்சும் அவர் கையிலயே இருந்தா? நடுவர் அவர்களே, நீங்க என்னதான் நேர்மையாத் தீர்ப்பு சொன்னாலும் நான் ஜெயிக்க முடியுமா? (கைதட்டல்)

இப்போ கதைக்கு வருவோம். 1980-ஆம் ஆண்டு. ஐ.பி.எம். என்கிற பெரிய கம்பெனி மேசைமேல் வைக்கிற கணினி ஒன்றைச் செய்ய முடிவு பண்ணுது. அதுக்கு ஒரு இயங்குதளம் வேணும். மைக்ரோசாஃப்ட் என்ற சின்னக் கம்பெனிக்கிட்ட கேக்குறாங்க. அவங்க கையில அது இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற இன்னொரு கம்பெனியில் டிம் பேட்டர்சன் என்ற பொறியாளர் ஒன்றை எழுதி வைத்திருந்தார். 1981 ஜூலையில் அதன் முழு உரிமையை 50,000 டாலருக்கு வாங்கினார்கள். ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐ.பி.எம். கணினி உலகத்துக்கு அறிமுகம் ஆகிறது. அந்த ஒப்பந்தத்தில்தான் சூட்சுமம். இயங்குதளத்தை மற்றவர்களுக்கும் விற்கிற உரிமையை மைக்ரோசாஃப்ட் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. ஐ.பி.எம்.மைப் பார்த்து காம்பேக் மாதிரி கம்பெனிகள் அதே போன்ற கணினியைச் செய்தபோது, பெட்டி யார் பெட்டியா இருந்தாலும் உள்ளே ஓடினது ஒரே ஆளோட சரக்கு.

இதில் குற்றம் என்ன இருக்கு? ஒண்ணும் இல்லை. திறமை. நான் பாராட்டுகிறேன். வியாபாரத்தில் ஜெயிச்சவனைத் திட்டுறதுக்கு நான் இங்கே வரலை. ஜெயிச்ச பிறகு கதவைச் சாத்தினதைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எப்படிச் சாத்தினாங்க? முதல் பூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. கணினி செய்கிற கம்பெனிகளிடம் போட்ட உரிம ஒப்பந்தம் அது. குறிப்பிட்ட வகைக் கணினி எத்தனை விற்கிறதோ அத்தனைக்கும் மைக்ரோசாஃப்டுக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலே எம்.எஸ்.டாஸ் போட்டு விற்றாலும் கட்டணும். போடாம விற்றாலும் கட்டணும்! அந்தச் சமயத்தில் டிஜிட்டல் ரிசர்ச் என்ற கம்பெனி டி.ஆர்.டாஸ் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. அந்தக் கம்பெனியை நடத்திய கேரி கில்டால், இவங்களுக்கெல்லாம் முன்னாடியே சி.பி.எம். என்ற இயங்குதளத்தை எழுதியவர். 1990-இல் வந்த டி.ஆர்.டாஸ் 5, எம்.எஸ்.டாஸில் இல்லாத வசதிகளோடு வந்தது. நல்ல சரக்கு. ஆனா கணினிக்காரன் என்ன நினைப்பான்? 'அதைப் போட்டா அதுக்கும் காசு, போடாத இதுக்கும் காசு. எதுக்கு ரெட்டைச் செலவு?'

ஒரு பெட்டிக்கு ரெண்டு மொய் எழுதச் சொன்னா எவன் எழுதுவான்? (சிரிப்பு)

1991 டிசம்பரில் இன்னொரு வேலை நடந்தது. விண்டோஸ் 3.1-இன் சோதனைப் பிரதி வந்தது. டி.ஆர்.டாஸ் மீது அதை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் திரையில் ஒரு பிழைச் செய்தி வந்தது. உண்மையில் கோளாறு எதுவும் இல்லை. கீழே இருப்பது தன் ஆளா, வேற்றாளா என்று பார்த்து, வேற்றாள் என்றால் பயமுறுத்துகிற சின்ன நிரல் ஒன்று உள்ளே இருந்தது. கடைக்கு வந்த பிரதியில் அது இருந்தும் செயல்படாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் கிலி கிளம்பினது கிளம்பினதுதானே! டி.ஆர்.டாஸ் கைமாறிக் கைமாறி கால்டெரா என்ற கம்பெனிக்கு வந்தது. அவர்கள் 1996-இல் வழக்குப் போட்டார்கள். 2000 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அப்போ டி.ஆர்.டாஸ் எங்கே? கடையில் இல்லை. கில்டால் எங்கே? 1994-லேயே காலமாகிவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம்ம பெரியவங்க சொன்னது இதைத்தான்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்காதீங்க. கட்டி விற்கிற வியாதி நமக்கும் பழக்கமானதுதான். 1990-களில், எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. பதிஞ்சு வச்ச கேஸ் இணைப்பு வந்துருச்சுன்னு தகவல் வந்தது. சந்தோஷமாப் போனேன். ஊர் பேரும் வேண்டாம், ஏஜென்சி பேரும் வேண்டாம். அங்கே இருந்தவர் சொன்னார்: 'அடுப்பும் இங்கேயேதான் சார் எடுக்கணும்.' நான் சொன்னேன்: 'அடுப்பு மாமனார் சீர்ல வச்சுட்டாருங்க.' அவர் நிமிர்ந்தே பார்க்கலை. 'அப்ப சிலிண்டர் வர்றதுக்கு நாளாகும் சார்.' (சிரிப்பு) என்ன பண்றது? வீட்ல ரெண்டு அடுப்பு. மாமனார் கொடுத்த அடுப்பு அட்டைப்பெட்டியோட பரண்ல ஏறிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்ல அதுதான் பேச்சு: 'எங்கப்பா கொடுத்ததுக்கு இந்த வீட்ல என்னிக்குத்தான் மரியாதை இருந்துச்சு!' (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் யோசிச்சுப் பாருங்க. கேஸ் அங்கே மட்டும்தான் கிடைக்கும். அடுப்பு நூறு கடையில் கிடைக்கும். கிடைக்காத ஒன்றைப் பிடியாக வைத்துக்கொண்டு, கிடைக்கிற ஒன்றை நம் தலையில் கட்டுவது. இதுதான் கட்டு விற்பனையின் இலக்கணம். இது அநியாயம் என்பது நம் நாட்டுச் சட்டத்துக்கும் தெரியும். ஒரு பொருளை வாங்குவதற்கு நிபந்தனையாக இன்னொரு பொருளையும் வாங்கச் சொல்கிற ஒப்பந்தத்தை, 1969-ஆம் ஆண்டின் ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைச் சட்டமே பெயர் சொல்லிக் குறித்தது. பின்னால் வந்த 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்திலும் அது உண்டு. அமெரிக்காவில் இதற்கெல்லாம் தாத்தாச் சட்டம் ஒன்று இருக்கிறது, 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம். எண்ணெய்க் கம்பெனிக்கும் ரயில் கம்பெனிக்கும் போட்ட அந்தப் பழைய கடிவாளத்தைத்தான் நூறு வருஷம் கழித்து மென்பொருள் குதிரைக்குப் போடப் பார்த்தார்கள்.

1994 ஜூலையில் அமெரிக்க நீதித்துறையும் மைக்ரோசாஃப்டும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பெட்டிக்குப் பெட்டி காசு வாங்குகிற ஒப்பந்தம் இனிக் கூடாது. விண்டோஸ் வேணும்னா இன்னொரு பொருளையும் எடு என்று நிபந்தனை போடக் கூடாது. நல்லதுதானே? ஆனா அதே உடன்பாட்டில் ஒரு சந்து விட்டுட்டாங்க: ஒருங்கிணைந்த பொருள்களை உருவாக்க மட்டும் தடை இல்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவர்களுக்கு இவ்வளவு சந்து போதாதா?

இப்போதான் நெட்ஸ்கேப் வருது. 1994-இல் ஜிம் கிளார்க்கும், இருபத்துச் சொச்சம் வயதான மார்க் ஆண்ட்ரீசனும் தொடங்கிய கம்பெனி. அந்த வருஷக் கடைசியிலேயே நேவிகேட்டர் என்ற பிரவுசரைக் கொண்டு வந்தாங்க. உலகமே இணையத்தை அது வழியாகத்தான் பார்த்தது. 1995 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கம்பெனிப் பங்கு சந்தைக்கு வந்தது. 28 டாலருக்குக் கொடுத்த பங்கு அன்று சாயங்காலம் 58 டாலருக்கு மேலே நின்றது. ஆண்ட்ரீசன் மாதிரி ஆட்கள் அப்போ ஒரு பேச்சுப் பேசினாங்க: இனிமே எல்லாமே பிரவுசருக்குள்ளதான் நடக்கும், கீழே என்ன இயங்குதளம் இருந்தால் என்ன! மேடைக்காரர் காதில் இது விழுந்தது. இனிமே மேடையே வேண்டாம், தரையில நின்னே பேசலாம்னு ஒருத்தன் சொன்னா மேடைக்காரர் தூங்குவாரா? (சிரிப்பு) அதுக்கு முன்னாடியே, 1995 மே 26-ஆம் தேதி, இணையப் பேரலை வருகிறது, நெட்ஸ்கேப் அதில் பிறந்த போட்டியாளர் என்று பில் கேட்ஸ் தன் அதிகாரிகளுக்குக் குறிப்பு அனுப்பிவிட்டார்.

அவர்களிடம் சொந்தமாகப் பிரவுசர் இல்லை. பழைய கதைதான்! ஸ்பைகிளாஸ் என்ற கம்பெனியிடம் உரிமம் வாங்கி, அதை அடித்தளமாக வைத்து இன்டர்நெட் எக்ஸ்புளோரரைச் செய்தார்கள். ஸ்பைகிளாஸுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை. மேற்கொண்டு விற்கிற வருமானத்தில் பங்கு. ஸ்பைகிளாஸ்காரன் சந்தோஷமாக் கையெழுத்துப் போட்டான். மைக்ரோசாஃப்ட் அதை விற்கவே இல்லை. சும்மா கொடுத்துருச்சு! விற்றால்தானே பங்கு? (சிரிப்பு) கடைசியில் 1997-இல் 80 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

எதிரணிச் சகோதரி அருமையாப் பேசினாங்க. 'தானமாக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?'ன்னு கேட்டாங்க. பாக்கக் கூடாதும்மா. ஒத்துக்குறேன். ஆனா தானமா வந்த மாடு, தொழுவத்துல ஏற்கெனவே கட்டியிருக்கிற என் மாட்டை முட்டித் துரத்தினா பல்லை மட்டுமா பாப்பேன்? கொம்பையும் பாக்க மாட்டேனா? (பலத்த கைதட்டல்)

முட்டினது எப்படின்னு சொல்றேன். 1996-இல் காம்பேக் கம்பெனி தன் பிரெசாரியோ கணினிகளின் திரையில் இருந்து எக்ஸ்புளோரர் படத்தை எடுத்துவிட்டு, நெட்ஸ்கேப் படத்தை வைத்தது. தன் பெட்டி, தன் வாடிக்கையாளர், தன் விருப்பம். மைக்ரோசாஃப்டிடம் இருந்து கடிதம் வந்தது: விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம். விண்டோஸ் இல்லாம காம்பேக் எதை விற்கும்? வெறும் தகரப் பெட்டியையா? எடுத்த படத்தைத் திரும்ப வைத்தார்கள். அன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய கணினிக் கம்பெனிகளில் ஒன்றுக்கே அந்தக் கதி. அப்போ சின்னக் கம்பெனிக்கு?

1997 அக்டோபரில், அந்த உடன்பாட்டை மீறிவிட்டீர்கள், நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம் கட்டுங்கள் என்று நீதித்துறை வழக்குப் போட்டது. நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், டிசம்பரில் இடைக்கால உத்தரவு போட்டார்: பிரவுசர் இல்லாத விண்டோஸையும் கொடு. அதுக்கு மைக்ரோசாஃப்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா? பழைய விண்டோஸை வாங்கிக்கோ. இல்லாட்டி புதுசில் எக்ஸ்புளோரர் கோப்புகளை எல்லாம் எடுத்துட்டுத் தர்றோம், ஆனா அது ஓடாது! 'கறிவேப்பிலையை எடுத்தா கத்தரிக்காய் கெட்டுப்போயிரும்'ங்கிற வாக்கியம் ஞாபகம் வருதா? நீதிமன்றத்தில் ஒரு கணினியில் பிரவுசரை எடுத்துப் பார்த்தார்கள். 90 விநாடிக்குள் முடிந்துவிட்டது, விண்டோஸ் நன்றாகத்தான் ஓடுகிறது என்று நீதிபதியே சொன்னார். (கைதட்டல்) 'அது மேல்தோலை மட்டும் எடுத்தது, உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது' என்பது கம்பெனியின் பதில். 1998 ஜூனில் மேல்நீதிமன்றம் அந்த இடைக்கால உத்தரவை ரத்து செய்தது. ஒருங்கிணைந்த பொருள் என்ற அந்தச் சந்து வழியாகத் தப்பினார்கள்.

ஆனால் அதற்குள் பெரிய வழக்கு வந்துவிட்டது. 1998 மே 18-ஆம் தேதி மத்திய அரசும் 20 மாநிலங்களும் சேர்ந்து ஷெர்மன் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தன. அக்டோபரில் விசாரணை. 1999 நவம்பரில் ஜாக்சன் உண்மைகளை வரையறுத்தார். 2000 ஜூன் 7-ஆம் தேதி கம்பெனியை இரண்டாக வெட்டச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தார். 2001 ஜூன் 28-ஆம் தேதி மேல்நீதிமன்றம் வெட்டுகிற உத்தரவை ரத்து செய்தது. நீதிபதி வெளியே பத்திரிகைக்காரர்களிடம் பேசியது தப்பு என்று அவரையும் வழக்கில் இருந்து விலக்கியது.

எதிரணித் தம்பி துள்ளுறார். 'கட்டி விற்றது குற்றம்னு கடைசி வரைக்கும் முடிவாகலையே ஐயா'ன்னு கேக்கப் போறார். உண்மை தம்பி. மறைக்க மாட்டேன். அந்தக் குற்றச்சாட்டை வேறு அளவுகோலில் மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். அரசாங்கமே 2001 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது என்ன? இயங்குதளத்தில் இருக்கிற ஏகபோகத்தைச் சட்டவிரோதமான வழிகளில் காப்பாற்றிக்கொண்டார்கள். எந்த வழிகள்? கணினிக் கம்பெனிகள் திரையைத் தொடக் கூடாது என்ற தடை ஒன்று. பிரவுசரை எடுக்க முடியாதபடி, நிரலை நீக்குகிற பட்டியலில் இருந்து அதன் பெயரையே மறைத்தது ஒன்று. பிரவுசர் நிரலையும் விண்டோஸ் நிரலையும் ஒரே கோப்பில் கலந்தது இன்னொன்று.

கலந்ததுன்னா என்ன அர்த்தம்? சோறும் குழம்பும் தட்டுல தனித்தனியா இருந்தா, 'குழம்பு வேண்டாம், ரசம் போதும்'னு சொல்லலாம். பிசைஞ்சு கொண்டாந்து வச்சுட்டு, 'வேண்டாம்னா குழம்பை மட்டும் எடுத்துக்கோ'ன்னு சொன்னா? (சிரிப்பு) நம்ம தலைப்புல இருக்கிற 'கட்டு' இதுதாங்க. சேர்த்துக் கொடுத்ததை நீதிமன்றம் தண்டிக்கலை. பிரிக்க முடியாமல் பிசைந்ததைத்தான் தப்பு என்று சொன்னது.

சரி, எதிரணியின் நல்ல வாதத்துக்கும் பதில் சொல்லணும் இல்லையா? தம்பி சொன்னார்: விண்டோஸ் 3.1 காலத்தில் இணையத்தில் சேர வேண்டும் என்றால், ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் எழுதிய டிரம்பெட் வின்சாக் போன்ற ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும், 1995-இல் விண்டோஸ் 95 அதை உள்ளேயே வைத்துக் கொடுத்தது, எவ்வளவு நிம்மதி! நிம்மதிதான். தமிழுக்கும் ஒன்று சொல்கிறேன், தம்பி விட்டுட்டார். எங்களைப் போன்ற தமிழாசிரியர்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு தவித்த காலம் உண்டு. நான் அனுப்புகிற கட்டுரை உங்கள் கணினியில் கட்டம் கட்டமாக, பூச்சி பூச்சியாகத் தெரியும். விண்டோஸ் 2000-இல் ஒருங்குறித் தமிழும் லதா என்ற எழுத்துருவும் கூடவே வந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆனா ஒண்ணு கவனிங்க. லதா பக்கத்துலயே நான் வேற எழுத்துருவைப் போட்டுக்கலாம். எனக்குப் பிடிச்சதில் எழுதலாம். 'லதா இருக்கிற கணினியில் வேற எழுத்துருவைப் போடாதே, போட்டா உரிமம் ரத்து'ன்னு எந்தக் கம்பெனிக்கும் கடிதம் போகலை. அதனால லதா கொசுறு. எக்ஸ்புளோரர் கட்டாயம். கம்பெனி ஒண்ணுதான். ரெண்டும் இலவசம்தான். ஆனாலும் ரெண்டும் ஒண்ணு கிடையாது. (கைதட்டல்)

'இலவசம்தானே, யாருக்கு நட்டம்?' இது கடைசிக் கேள்வி. மூன்று பேருக்கு நட்டம்.

முதலில் போட்டியாளருக்கு. 1997 அக்டோபரில் நாலாம் எக்ஸ்புளோரர் வந்த ராத்திரி, மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் ஆளுயரத்துக்கும் பெரிய 'ஈ' சின்னத்தைக் கொண்டுபோய் நெட்ஸ்கேப் அலுவலகப் புல்தரையில் நட்டுவிட்டு வந்தார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தங்கள் டைனோசர் பொம்மையை நிறுத்தி, 'நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18' என்று எழுதி மாட்டினார்கள். ரோஷக்காரங்க. ஆனால் அடுத்த ஜனவரியிலேயே நெட்ஸ்கேப் தன் பிரவுசரை இலவசமாகக் கொடுக்க வேண்டி வந்தது. அதே 1998 நவம்பரில் கம்பெனியையே ஏ.ஓ.எல். வாங்குவதாக அறிவிப்பு வந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே வாதியின் முக்கியச் சாட்சி விலைபோன கதை.

இரண்டாவது நட்டம் நமக்கு. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2001 ஆகஸ்டில் ஆறாம் எக்ஸ்புளோரர் வந்தது. ஏழாவது எப்போ வந்தது? 2006 அக்டோபரில். அஞ்சு வருஷம்! நெட்ஸ்கேப் உயிரோடு மோதிக்கொண்டிருந்தபோது 1995, 1996, 1997 என்று வருஷத்துக்கு ஒன்று புதுசு வந்தது. எதிராளி சாய்ந்ததும் அஞ்சு வருஷம் உறக்கம். உலகத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தப் பழைய பிரவுசரிலேயே கிடந்தோம். பாதுகாப்பு ஓட்டைகள் வழியாக வைரஸ் வந்ததும் நமக்குத்தான், கணினி நின்னதும் நமக்குத்தான். அந்த உறக்கத்தைக் கலைத்தது யார்? நெட்ஸ்கேப் போகிற போது வெளியே விட்ட மூல நிரலில் இருந்து முளைத்த ஃபயர்ஃபாக்ஸ், 2004 நவம்பரில். இலவசத்துக்கு நாம கொடுத்த விலை அந்த அஞ்சு வருஷம்.

மூன்றாவது நட்டம், இன்னும் பிறக்காத கம்பெனிக்கு. நாளைக்கு ஒரு பிள்ளை நல்ல யோசனையோட வருவான். 'நீ ஜெயிச்சா அவங்க அதை உள்ளேயே வச்சுக் கொடுத்துருவாங்கப்பா'ன்னு அப்பாவே சொல்லி உட்கார வச்சுருவார். அந்தப் பிள்ளை செய்யாமல் விட்டது எந்தக் கணக்கிலும் வராது. எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்லாது.

பரிகாரம் செய்யலையா? செய்தாங்க. ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் போட்டு, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸும் விற்கச் சொன்னது. விற்றார்கள். விலையைக் குறைக்கலை. இருக்கிறதும் அதே விலை, இல்லாததும் அதே விலைன்னா எவன் இல்லாததை வாங்குவான்? (சிரிப்பு) அதில் பாடம் படித்து, 2009-இல் வேறு வழி கண்டார்கள். எந்தப் பிரவுசர் வேண்டும் என்று திரையிலேயே பட்டியல் போட்டுக் கேள் என்றார்கள். 2010-இல் அந்தத் திரை வந்தது. 2011-இல் ஒரு புதுப்பிப்பில் அது காணாமல் போனது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றரைக் கோடிப் பேருக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. தொழில்நுட்பத் தவறு என்றார்கள். 2013 மார்ச்சில் இன்னொரு 56 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம்.

இந்த எக்ஸ்புளோரருக்காக இத்தனை சண்டை போட்டார்களே, அதற்கு 2022 ஜூன் 15-ஆம் தேதி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பிரிக்கவே முடியாது, உயிரோடு ஒட்டியது என்று சொன்ன அதே உறுப்பு! எடுத்தாங்க. விண்டோஸ் செத்துப்போச்சா? (பலத்த கைதட்டல்)

ஆளும் மாறலை, வழக்கும் மாறலை. அலுவலகத் தொகுப்போடு டீம்ஸ் என்ற உரையாடல் மென்பொருளைக் கட்டித் தருகிறார்கள் என்று ஸ்லாக் கம்பெனி 2020-இல் ஐரோப்பாவில் புகார் கொடுத்தது. டீம்ஸ் இல்லாத தொகுப்பைக் குறைந்த விலைக்குக் கொடுப்போம் என்று அவர்கள் தந்த உறுதி 2025 செப்டம்பரில் சட்டப்படி கட்டுப்படுத்துவதாக ஆனது. 'குறைந்த விலைக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2004-இல் விட்ட சொல் அது. அந்த ஒரு சொல்லைச் சேர்க்க 21 வருஷம் ஆயிருக்கு.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போறீங்க, தெரியுது. முடிச்சுடுறேன். வசதி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பையில் எதைப் போட்டாலும் போடட்டும். 'வேண்டாம்' என்று நான் சொன்னால் எடுத்துக் கீழே வைக்க வேண்டும். எடுத்ததற்கு உரிய காசைக் குறைக்க வேண்டும். எதிர்க்கடையில் நான் வாங்கினால் முகத்தைத் திருப்பக் கூடாது. இந்த மூணும் இருந்தா அது கொசுறு, நானே எதிரணிக்குப் போய் உட்கார்ந்துக்குறேன். இந்த வரலாற்றில் அந்த மூணும் தானாக வரவில்லை. வழக்குப் போட்டு, அபராதம் போட்டு, அதுவும் போட்டியாளன் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது. ஆகவே, கட்டித் தருகிற மென்பொருள் விலங்கே, விலங்கே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)